கடிதத்தில் வந்த கேள்வி, காற்றில் போன பதில்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதி, திகனையைத் தாண்டியதும் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி நெளிந்து ஏறுகிறது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் இருக்கிறது. மெதமஹநுவரவைக் கடந்து இன்னும் மேலே போனால் ஹுன்னஸ்கிரிய. ஒரு சந்தி, இருபுறமும் கடைகள், சுற்றிலும் தேயிலை, தலைக்கு மேல் நக்கிள்ஸ் மலைத்தொடர். இங்கிருந்து பிரியும் கிளைப் பாதை லூல்வத்தை, கோர்பட்ஸ் கெப் வழியாக மீமுரே என்ற ஒதுக்குப்புறக் கிராமத்துக்குப் போகிறது. நேர்ப்பாதை உடுதும்பறையைக் கடந்து, பெயர்பெற்ற பதினெட்டு வளைவுகளில் இறங்கி, மகாவலிச் சமவெளியைத் தொடுகிறது.

இப்படிப்பட்ட மலையூர்களுக்குக் கம்பியூட்டர் எப்படி வந்தது என்பதை அரசாங்க அறிக்கைகளில் தேடிப் பிடித்துவிடலாம். வந்த கம்பியூட்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு யார் கைகொடுத்தார்கள் என்பது அந்த அறிக்கைகளின் ஓரத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் பாடசாலை ஆசிரியரோ, கொமியூனிக்கேஷன் கடைக்காரரோ, டியூட்டரி நடத்தும் இளைஞரோ அந்த இயந்திரத்தை நம்பி ஒரு வேலையில் இறங்கக் காரணம், சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்ற தைரியம்தான்.

சிக்கல்களில் பெரும்பாலானவை சின்னஞ்சிறியவை. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பிரின்டரைக் கம்பியூட்டர் கண்டுகொள்ள மறுக்கிறது. மின்சாரம் போய் வந்த பிறகு திரை கறுப்பாகவே நிற்கிறது. தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். தெரிந்தவர் கண்டியில் இருந்தால், சிஸ்டம் யூனிட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றவேண்டும். ஒரு நாள் போய்விடும், திருத்தக் கூலியும் போய்விடும். மலையகத்தில் தொழில்நுட்ப உதவி என்பது முதலில் தூரத்தை வெல்லும் விஷயமாக இருந்தது. பிறகு மொழியை வெல்லும் விஷயமாகவும் ஆனது.

பாவிக்கிறவர்களே கூடி ஒருவருக்கொருவர் உதவும் வழக்கம் கம்பியூட்டர் தொழிலோடு சேர்ந்து பிறந்தது. 1955இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஐ.பி.எம். 704 இயந்திரத்தை வாங்கிய நிறுவனங்களின் நிரலாளர்கள் 'ஷேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் வேலை செய்த விமான நிறுவனங்கள் சந்தையில் போட்டியாளர்கள். ஆனாலும் ஒரே நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதி நேரத்தை வீணாக்குவதைவிட, எழுதியதைப் பரிமாறிக்கொள்வது மேல் என்று கண்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1975 மார்ச் 5ஆம் திகதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கராஜில் ஹோம்ப்ரூ கம்பியூட்டர் கிளப் கூடியது. அல்டெயர் 8800 என்ற, பாகங்களாக வாங்கிப் பூட்டவேண்டிய இயந்திரத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். அன்று வந்திருந்த ஸ்டீவ் வொஸ்னியாக், பின்னர் அதே கிளப் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக உருவாக்கியதுதான் முதல் ஆப்பிள் கம்பியூட்டர்.

1977இல் பொஸ்டனில் 13 வயதுச் சிறுவன் ஜொனதன் ரொட்டன்பர்க் தொடங்கிவைத்த பொஸ்டன் கம்பியூட்டர் சங்கம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைச் சேர்த்து, 1996 வரை இயங்கியது. இத்தகைய சங்கங்களின் நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் ஒரு கூட்டம். கூட்டத்தின் தொடக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து தன் சிக்கலைச் சொல்லலாம். அதே சிக்கலைக் கடந்து வந்தவர் பதில் சொல்வார். இன்று கேட்டவர் ஆறு மாதத்தில் பதில் சொல்பவராக மாறுவார். விற்ற கம்பனி கவனிக்காத இடத்தை வாங்கியவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்.

இந்த வழக்கம் இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தபோது, அது வந்த வாகனம் வானொலி.

விக்டோரியா அணையைக் கட்டிய அதே மகாவலித் திட்டம்தான் அதற்கும் வழிவகுத்தது. தெல்தெனியவிலும் கொத்மலையிலும் வயலையும் வீட்டையும் நீருக்கு விட்டுக்கொடுத்தவர்கள் புதிய இடங்களில் குடியேறியபோது, அவர்களுடைய தேவைகளைப் பேச ஓர் ஊடகம் வேண்டியிருந்தது. 1981இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ், டென்மார்க்கின் டானிடா உதவியோடும் யுனெஸ்கோவின் தொழில்நுட்ப ஆதரவோடும் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, மக்களின் குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பினார்கள். மஹியங்கனைக்கு அப்பால் கிராந்துருக்கோட்டையில் 1986இல் ஒரு சிறு நிலையம் வந்தது. 1989இல் கொத்மலையில் இன்னொன்று வந்தது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து பார்த்தால் ஒன்று மலைக்குக் கிழக்கே. மற்றது கண்டியைத் தாண்டித் தெற்கே.

கொத்மலை நிலையம் உலகத்தின் கவனத்தைப் பெற்றது பத்து ஆண்டுகள் கழித்து. இலங்கைக்கு முழுமையான இணைய இணைப்பு 1995இல்தான் கிடைத்திருந்தது. கொழும்பையும் சில பெரிய நகரங்களையும் விட்டால், இணையத்தோடு தொடர்புகொள்ள நெடுந்தூரத் தொலைபேசி அழைப்புக் கட்டணம் கட்டவேண்டும். கிராமத்தில் கம்பியூட்டர் அரிது. அதில் தெரியும் மொழி ஆங்கிலம். அந்த நிலையில், 1990களின் இறுதியில் யுனெஸ்கோவும் அரசாங்க நிறுவனங்களும் கொழும்புப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கொத்மலை சமூக வானொலிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள நிரந்தர இணைய இணைப்பைக் கொடுத்தன. கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுமக்கள் வந்து பாவிக்கும் இணைய மையங்கள் திறந்தன. இரண்டும் கண்டி மாவட்டத்து நகரங்கள்.

இந்த இணைப்பை வைத்து நிலையம் நடத்திய வானொலி நிகழ்ச்சியின் முறை எளிமையானது. கேட்பவர் கடிதம் எழுதுவார்; சிலர் தொலைபேசியில் அழைப்பார்கள்; சிலர் நேரே நிலையத்துக்கு வருவார்கள். ஒரு நோயைப் பற்றி, ஒரு பயிரைப் பற்றி, வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி அவர்களுடைய கேள்வி இருக்கும். அறிவிப்பாளர் ஒலிபரப்பின்போதே கம்பியூட்டர் முன் உட்கார்ந்து இணையத்தில் தேடுவார். கிடைத்ததை வாசித்து, கேட்பவரின் மொழியில் விளக்குவார். மருத்துவக் கேள்வி என்றால் உள்ளூர் வைத்தியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் உள்ளது இந்த ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்று பேசவைப்பார். ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் வராமல், கிடைத்த பதில்களைச் சேர்த்து உள்ளூர்த் தகவல் தொகுப்பு ஒன்றையும் கட்டினார்கள். உலகம் இதை 'வானொலிவழி இணையத் தேடல்' என்று அழைத்தது. நேபாளம், பூட்டான் போன்ற நாடுகளுக்கான திட்டங்களிலும் கொத்மலை எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

அந்த நிகழ்ச்சியைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் கம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஒரு முக்கியமான திறமை அவர்களிடம் வளர்ந்தது: கேள்வியைச் சரியாகக் கேட்பது. கடிதத்தில் எழுதி அனுப்பும்போது, என்ன தெரியும், என்ன தெரியவேண்டும், இதுவரை என்ன செய்து பார்த்தாயிற்று என்பதை யோசித்தே ஆகவேண்டும். எந்தப் பயனர் குழுவும் புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். 'வேலை செய்யுதில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவமுடியாது. என்ன இயந்திரம், என்ன பதிப்பு, திரையில் என்ன செய்தி வந்தது, அதற்கு முன் எதை மாற்றினீர்கள் என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

நிலையத்துக்கும் இரு நகர மையங்களுக்கும் வந்துபோன இளைஞர்கள் தொண்டர்களாக மாறினார்கள். அவர்கள் மற்றவர்களுக்கு மின்னஞ்சல் திறந்துகொடுத்தார்கள். இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் கொத்மலையிலிருந்து ஒரு முச்சக்கர வண்டியும் புறப்பட்டது. மடிக்கணினி, பிரின்டர், கம்பியில்லா இணைப்பு, கூரையில் ஒலிபெருக்கி ஆகியவற்றோடு மலைப்பாதைகளில் ஏறி, நிலையத்துக்கு வரமுடியாத மக்களிடம் அது போனது. 'ஈ-டுக்டுக்' என்ற அந்த வண்டி மலைநாட்டுக்கே உரிய விடை. பஸ் நாளுக்கு இரண்டு தடவை மட்டும் வரும் இடத்துக்கும் முச்சக்கர வண்டி போய்விடும்.

ஒரு குறை இருந்தது. நிலையத்தின் ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. கொத்மலையைச் சுற்றியும் கம்பளைக்கு மேலேயும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்கள் அந்த அலைவரிசையின் எல்லைக்குள் இருந்தாலும் வெளியிலேயே இருந்தார்கள். 2004ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் கணினி அறிவு உள்ளவர்கள் நூற்றுக்கு 9.7 பேர். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்த அந்தக் கணக்கெடுப்பிலும் பிறகு வந்தவற்றிலும் தோட்டப்புறமே கடைசியில் நின்றது.

தமிழில் கம்பியூட்டரைப் பாவிக்க முயன்றவர்களுக்கு எழுத்தே முதல் தடையாக இருந்தது. 1990களிலும் அதற்குப் பிறகு நெடுங்காலமும் இலங்கைத் தமிழர்களின் அலுவலகம், அச்சகம், பாடசாலை எல்லாவற்றையும் ஆண்ட எழுத்துரு பாமினி. தட்டச்சுப் பழகியவர்களின் விரலுக்கு அது இசைந்து கொடுத்தது. கற்றுக்கொள்ள இலகுவாகவும் இருந்தது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த ஏற்பாடு. பாமினியில் தட்டச்சிட்ட கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பரீட்சை வினாத்தாளைக் கண்டியில் அச்சடிக்கக் கொடுத்த ஆசிரியர், தாள் முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்பதைக் கண்டு திகைப்பார். எழுத்துருவையும் ஃப்ளொப்பியில் கூடவே கொண்டுபோகவேண்டும் என்பதை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

யூனிகோட் வந்தபோது சிக்கல் தீரத் தொடங்கியது. அதோடு புதிய சிக்கல்களும் வந்தன. விண்டோஸ் 98இல் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. விண்டோஸ் 2000இலிருந்து வசதி இருந்தது. எக்ஸ்.பி.யில் அது உறங்கிக்கிடக்கும்: கொன்ட்ரோல் பனலில் பிராந்திய, மொழித் தெரிவுகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவச் சொல்லும் பெட்டியில் சரி போடவேண்டும். போட்டதும் அது விண்டோஸ் சீ.டி.யைக் கேட்கும். கடையில் வாங்கும்போது சீ.டி. கொடுக்காத கம்பியூட்டராக இருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும். 2000களின் நடுப்பகுதியில் தமிழ்க் கணிமை ஆர்வலர்களிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளில் இது ஒன்று. பல இளைஞர்கள் அந்த சீ.டி.யைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள்.

தமிழ்ப் பயனர்களுக்கு உதவும் பொறுப்பை முதலில் தோளில் ஏற்றவர்கள் உலகின் பல மூலைகளில் சிதறியிருந்த தமிழர்கள். ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்' மாற்றி, பாமினி உட்படப் பழைய எழுத்துருக்களில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தது. முகுந்தராஜும் 'தமிழா' குழுவினரும் உருவாக்கிய எ-கலப்பை, எந்த மென்பொருளிலும் நேரடியாகத் தமிழில் தட்டச்சிட வழிசெய்தது. துரையப்பா வசீகரன் எழுதிய 'தமிழ் லினக்ஸ்' கையேடு, லினக்ஸில் தமிழை இயக்கவைக்கும் முறையைப் படிப்படியாக விளக்கியது. ஊதியம் எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட இந்த மென்பொருள்களும் கையேடுகளும் தமிழ் கணினிப் பயனர்களின் முதல் உதவிப் பெட்டி.

சிங்களத்துக்கும் இதே கஷ்டம் இருந்தது. அதற்கு முகம்கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றது லங்கா லினக்ஸ் பயனர் குழு. லினக்ஸ் 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இயங்குதளக் கரு. அதை இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் விற்பவர் இல்லாத பொருளுக்கு உதவி நிலையமும் இருக்காது. அதனால்தான் உலகம் முழுவதும் ஊருக்கு ஊர் லினக்ஸ் பயனர் குழுக்கள் முளைத்தன. 'நிறுவல் விழா' என்று ஒரு நாளைக் குறிப்பார்கள். ஆர்வமுள்ளவர்கள் தங்கள் கம்பியூட்டரை மொனிட்டரோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். அனுபவம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டைப் பிரிப்பதிலிருந்து ஒலி அட்டையைப் பேசவைப்பது வரை கூடவே இருப்பார்.

லங்கா லினக்ஸ் பயனர் குழு இதில் ஒரு படி மேலே போனது. உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் பல சிங்கள எழுத்தைப் பற்றியவை. அதற்கு நிரந்தரப் பதிலாக, 2003இல் அனுராத ரத்னவீர ஒரு யூனிகோட் சிங்கள எழுத்துருவை உருவாக்கினார். குழுவின் பெயராலேயே அது 'எல்.கே.எல்.யூ.ஜி.' எழுத்துரு என்று அறியப்படுகிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் களஞ்சியத்தில் அது இன்றும் இருக்கிறது. ஓர் உதவிக் குழுவிடம் வந்த கேள்விகள், நாட்டின் ஒரு மொழிக்கே பயன்படும் பொருளாக விளைந்தன.

அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களுக்குப் பெரும் சோதனை 2004 டிசம்பர் 26இல் வந்தது. சுனாமி தாக்கிய சில நாட்களுக்குள், காணாமற்போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருள்கள், உதவ வந்த நிறுவனங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவுசெய்ய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. சஞ்சீவ வீரவர்ண முன்னின்று 2003இல் நிறுவிய லங்கா மென்பொருள் மன்றமும், தனியார் நிறுவன நிரலாளர்களும், லினக்ஸ் ஆர்வலர்களும், மாணவர்களும் இரவுபகலாக உட்கார்ந்து 'சஹனா'வை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் அந்த மென்பொருளை அரசாங்கத்தின் தேசிய நடவடிக்கை மையம் பாவித்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, ஜாவா நிலநடுக்கம் ஆகியவற்றின்போதும் அது எடுத்துப் போகப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயன் தரும் திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதை சஹனாவுக்கு அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருது விக்கிப்பீடியாவுக்குப் போயிருந்தது. ஒருவர் சிக்கலை இன்னொருவர் தீர்த்துப் பழகிய கூட்டம் என்பதால்தான், பேரிடர் வந்தபோது யாரும் அழைக்காமலே அவர்களால் ஒன்றுகூட முடிந்தது.

தமிழ்நாட்டிலும் இதே காலத்தில் பயனர் குழுக்கள் வலுப்பெற்றன. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998இலிருந்து இயங்குகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவது அதன் நீண்டகால வழக்கமாக இருந்தது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் எழுந்த குழுக்கள் இதைச் சிறுநகரங்களுக்குக் கொண்டுபோயின. விழுப்புரம் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கணினி கற்றுக்கொடுக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், த. சீனிவாசன் உள்ளிட்ட தன்னார்வலர்களின் முயற்சியில், லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே விளக்கும் கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாக வெளியிட்டது. கூட்டத்தில் ஒருவர் ஒருமுறை சொன்ன பதில் எழுத்தில் ஏறினால், அது கடலைத் தாண்டி ஹுன்னஸ்கிரியவில் உள்ளவருக்கும் உதவும். கணியத்தின் பெரிய பயன் அதுதான்.

இலங்கை அரசாங்கமும் தன் பங்குக்கு இறங்கியது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், 'ஈ-ஸ்ரீலங்கா' திட்டத்தில் நாடெங்கும் 'நெனசல' மையங்களைத் திறந்தது. பல மையங்கள் விகாரைகளிலும் மற்ற வழிபாட்டிடங்களிலும் நூலகங்களிலும் அமைந்தன. 2014இல் பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை இத்திட்டத்துக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பெறுமதியான விருதை வழங்கியது. மையம் நன்றாக நடந்த இடங்களில், அதற்குக் காரணம் அங்கே இருந்த நடத்துநர். பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்த பிள்ளைக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்து, தொழிலுக்கு விண்ணப்பிக்க வந்தவருக்குச் சுயவிபரக் கோவை எழுதக் கற்றுக்கொடுத்து, அவர்களில் ஒருவரை அடுத்த தொண்டராக ஆக்கியவர் அவர். அப்படிப்பட்ட ஆள் போய்விட்டால் இயந்திரங்கள் மூடிய அறைக்குள் தூசு பிடிக்கும்.

தமிழ் எழுத்துக்கும் அரசாங்கத் தரம் வந்தது. எஸ்.எல்.எஸ். 1326:2008 என்ற இலங்கைத் தரம், இங்கு பழக்கத்தில் இருந்த தமிழ்த் தட்டச்சுப்பொறி முறையை ஒட்டிய ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது. லினக்ஸின் உள்ளீட்டு முறைகளிலும் அது 'ரெங்கநாதன்' என்ற பெயரோடு இருக்கிறது. பாமினி பழகிய கை யூனிகோடுக்கு மாறுவதற்கு இதைவிட எளிய பாலம் இல்லை. ஆனாலும் மலையகத்தில் பாமினியை விட்டு வராதவர்கள் இன்னும் உண்டு. தரம் இருப்பதை எடுத்துச் சொல்லி, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட ஆள் வராததே அதற்குக் காரணம்.

கண்டிக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பெருமையும் உண்டு. 1990இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சல் பரிமாற்றமாகப் பேராசிரியர் அபய இந்துருவ முதலானோர் தொடங்கிய 'லேர்ன்' கல்வி வலையமைப்பு, இப்போது பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்குகிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களில் வலையமைப்பைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்களுக்கு அது பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. ஒரு வளாகத்தில் கண்ட தீர்வை இன்னொரு வளாகம் அறிந்துகொள்கிறது. 2020இல் கொரோனாத் தொற்றால் வளாகங்கள் மூடப்பட்டபோது, மாணவர்கள் இணையக் கட்டணம் இல்லாமல் விரிவுரை கேட்க ஏற்பாடு செய்ததில் லேர்னுக்குப் பெரும் பங்கு உண்டு.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவ்வளவு வசதி வாய்க்கவில்லை. ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவர்களும் அலைபேசிச் சமிக்ஞைக்காக மூன்று கிலோமீட்டருக்கு மேல் காட்டுவழி நடந்து, மலையுச்சிக்கு ஏறியதை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்தன. நக்கிள்ஸ் அடிவாரத்து ஊர்களுக்கும் அந்தக் கஷ்டம் புதிதில்லை. மலை குறுக்கே நின்றால் அலை வராது. மீமுரே சமிக்ஞை கிடைக்காத ஊராகவே நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது. பாடசாலைகள் மூடியிருந்த மாதங்களில் பல வீடுகளுக்கு முதல் ஸ்மார்ட்போன் வந்தது. ஸூமை எப்படித் திறப்பது, பாடத்தை எங்கே தரவிறக்குவது, நினைவகம் நிறைந்துவிட்டால் எதை அழிப்பது என்று கேட்கப் பெற்றோருக்குப் பக்கத்து வீட்டு உயர்தர மாணவரை விட்டால் வேறு ஆள் இருக்கவில்லை. சின்னதோர் ஊர்ப் பயனர் குழுவின் வேலையை அந்தப் பிள்ளைகள் பெயரில்லாமல் செய்துமுடித்தார்கள்.

அவர்கள் செய்ததை ஒரு வழக்கமாக நிலைநிறுத்தத் தேவையானவை ஏற்கெனவே கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் எழுத்து எல்லா அலைபேசியிலும் கம்பியூட்டரிலும் தெரிகிறது. பல பாடசாலைகளில் கணினி அறையும் அதற்கென ஓர் ஆசிரியரும் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை அந்த அறையைத் திறந்து வைத்து, வருகிறவர்களின் கேள்வியையும் கிடைத்த பதிலையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தால், ஓராண்டில் அந்த ஊருக்கே உரிய உதவிக் கையேடு தயாராகிவிடும். ஹுன்னஸ்கிரியவில் அப்படி ஒரு மேசை போடப்பட்டால், பதில் சொல்பவர்களில் ஒருவராவது தமிழும் சிங்களமும் அறிந்தவராக இருக்கவேண்டும். அப்போது தோட்டத்திலிருந்து வருபவரும் கிராமத்திலிருந்து வருபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்கலாம். கொத்மலையில் தொடங்கிப் பாதியில் நின்ற காரியம் அது.